மின்பணியாளர்

மின்பணியாளர் என்பவர் கட்டிடங்கள், தொழிற்சாலைகள் முதலியவற்றில் மின்கம்பிகளையும் மின்கருவிகளையும் பொருத்துதல், சோதித்தல், பழுதுபார்த்தல் ஆகிய பணிகளைச் செய்யும் தொழிலாளர் ஆவார். பேச்சு வழக்கில் இவர் எலக்ட்ரீசியன் அல்லது வயர்மேன் என அழைக்கப்படுகிறார்.

பயிற்சி

இந்தியாவில் 1950 இல் தொடங்கப்பட்ட கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ், தொழிற்பயிற்சி நிலையங்களில் (ஐ.டி.ஐ.) மின்பணியாளர் பிரிவு ஈராண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. இதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி தேவை. மதுரையில் கோ. புதூரில் அரசு ஐ.டி.ஐ. அமைந்துள்ளது. படிப்பை முடித்தோர் 1961 ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, உதவித்தொகையுடன் நிறுவனங்களில் பயிற்சி பெறலாம்.

காளவாசல் போன்ற நகர்ப்பகுதிகளில், அனுபவம் உள்ளவரிடம் உதவியாளராகச் சேர்ந்து தொழில் கற்போரும் உண்டு. ஐந்தாண்டு அனுபவம் உடைய இத்தகையோர், ஐ.டி.ஐ. படிப்பு இன்றியே மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம்.

ஊதியம்

அரசுப் பணியில் ஊதியம் நிலையானது. 2025 இல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் கள உதவியாளர் பணிக்கான ஊதிய விகிதம் ரூ. 18,800 - 59,900 ஆகும். தனியாகத் தொழில் செய்வோர் வீட்டு வேலைகளைப் பெரும்பாலும் "பாயின்ட்" கணக்கில் பேசி முடிக்கின்றனர். ஆடி, மார்கழி மாதங்களில் புதுமனைப் புகுவிழாக்கள் நடைபெறாமையால், வேலை ஆண்டு முழுவதும் சீராக அமைவதில்லை. விடுப்பூதியம் போன்றவையும் இவர்களுக்குக் கிடைப்பதில்லை.

ஆள் பற்றாக்குறை

தமிழகத்தில் பொறியியற் கல்லூரிகள் பெருகியபின் பெற்றோர் பலர் கைத்தொழிலைவிடப் பட்டப்படிப்பையே விரும்புகின்றனர். தேர்ந்த பணியாளர் பலர் வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர். 1978 இல் நிறுவப்பட்ட தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இதற்கு உதவுகிறது.

ஐக்கிய அமெரிக்காவில் மின்பணியாளரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 2023 மே மாதத்தில் 61,590 டாலராக இருந்தது. அங்கு பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் கட்டாயம். அதற்குப் பொதுவாக நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள் ஊதியத்துடன் கூடிய பயிற்சி தேவை. இந்தியாவிலும் மின்னமைப்பு வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என விதி உள்ளது. ஆயினும் வீட்டு வேலைகளில் சான்றைக் கேட்டுப் பார்ப்போர் குறைவு. ஆகவே, ஆள் பற்றாக்குறை நிலவினாலும் சான்று பெற்றவருக்கும் பெறாதவருக்கும் கூலியில் பெரிய வேறுபாடு ஏற்படுவதில்லை.

வாய்ப்புகள்

ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின்தகடுகள் அமைக்கும் நடுவண் அரசின் திட்டம் 2024 பெப்ரவரியில் தொடங்கப்பட்டது. இவ்வேலைக்கு நேர்மின்னோட்டம், நிலத்தொடுப்பு ஆகியவற்றில் முறையான அறிவு தேவை. பிழையான இணைப்பு தீ விபத்துக்கும் உயிரிழப்புக்கும் காரணமாகலாம் என்பதால், முறையான பயிற்சி பணியாளருக்கும் வீட்டாருக்கும் பாதுகாப்பு அளிக்கிறது.