புயலுக்கு விலை போடுவது எப்படி?

வீடு தீப்பிடிக்கிறது. லாரி கவிழ்கிறது. இவை ஆண்டுதோறும் எங்காவது நடக்கின்றன. கணக்கு இருக்கிறது. அதைப் பார்த்து இன்சூரன்சு கம்பெனி பிரிமியம் சொல்லிவிடும்.

புயல் அப்படியா?

2004 டிசம்பர் 26-ந் தேதி கடலூர்க் கரையில் சுனாமி ஏறியது. அதற்கு முன் அந்தப் பெயரையே நம்மில் பலர் கேட்டதில்லை. 2011 டிசம்பர் 30-ந் தேதி காலை "தானே" புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2015 நவம்பரில் பெருவெள்ளம்.

அடுத்தது எப்போது? யாராலும் சொல்ல முடியாது. அப்படியானால், கம்பெனி என்ன துணிச்சலில் பயிருக்குப் பொறுப்பு ஏற்கிறது?

வயலே சாட்சி

சிதம்பரம் பக்கத்துச் சம்பா நெல்லைப் பாருங்கள். 2016-ல் வந்த பிரதம மந்திரி பயிர் காப்பீட்டுத் திட்டத்தில், புயல் வருமா என்று யாரும் ஜோசியம் பார்ப்பதில்லை. பழைய விளைச்சலைப் பார்க்கிறார்கள்.

கடந்த 7 ஆண்டுகளில் நன்றாக விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியை எடுக்கிறார்கள். அதில் ஒரு பங்கை "உத்தரவாத விளைச்சல்" என்று வைக்கிறார்கள். அறுவடையின்போது கிராமத்தில் சில வயல்களில் 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் அளந்து, அறுத்து, எடை போடுகிறார்கள்.

உத்தரவாதம் ஏக்கருக்கு 2,000 கிலோ, விளைந்தது 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குறைவு கால் பங்கு. காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு கிடைக்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இது ஊர்க் கணக்கு. ஊரெல்லாம் விளைந்து, உங்கள் வயல் மட்டும் பொய்த்தால், இந்தக் கணக்கில் பணம் வராது.

கம்பெனிக்கும் இன்சூரன்சு!

தீ ஒரு வீட்டைச் சுடும். புயலோ மாவட்டத்தையே சாய்க்கும். எல்லோரும் ஒரே சமயத்தில் பணம் கேட்பார்கள். கம்பெனி தாங்குமா?

அதனால் கம்பெனியும் இன்சூரன்சு செய்துகொள்கிறது! இதற்கென்றே மும்பையில் அரசின் ஜெனரல் இன்சூரன்சு கார்ப்பரேசன் இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிகளும் உண்டு. கடலூரில் புயலடித்த ஆண்டில் வேறொரு நாட்டுக் கடல் அமைதியாக இருக்கும். சுமை பல தோள்களுக்குப் பிரிகிறது.

சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். பிரிமியத்தின் மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன.

புயல் வரும் தேதி யாருக்கும் தெரியாது. பிரிமியம் கட்டக் கடைசித் தேதி எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டில் ரசீது இருக்கிறதா?