ஐ.டி.ஐ. படித்தவரும் என்ஜினீயர் ஆகலாம்

கிணற்று மோட்டார் எரிந்துபோனால் தண்ணீர் பாயாது, பயிர் வாடும். காயில் கட்டத் தெரிந்தவரைத் தேடி டவுனுக்கு அலைய வேண்டும். ஆனாலும் தம் பிள்ளையை அந்தத் தொழில் படிக்க வைக்க விவசாயிகள் பலர் தயங்குகிறார்கள். ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் படிப்பு அதோடு நின்றுவிடும் என்ற எண்ணமே காரணம். இருக்கும் ஓர் ஏக்கரையும் அடகு வைத்துக் கல்லூரிக்கு அனுப்புவோரும் உண்டு. இந்த எண்ணம் சரியல்ல.

படிப்படியாக ஏறலாம்

10-ஆம் வகுப்பு தேறி, ஐ.டி.ஐ.யில் 2 ஆண்டு தொழிற்பிரிவு முடித்தவர், அதற்குரிய பாலிடெக்னிக் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ பெற்றவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். கணக்கிட்டால் 10-ஆம் வகுப்புக்குப் பின் 2, 2, 3 என 7 ஆண்டுகள். பிளஸ் டூ வழியில் 6 ஆண்டுகள். கூடுதலாவது ஓர் ஆண்டே. இடையில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

மேல்நிலை மொழிப் பாடங்களைத் தனித்தேர்வராக எழுதித் தேறினால், இவர்களின் படிப்பு பிளஸ் டூவுக்கு இணையாகவும் கொள்ளப்படுகிறது.

கவனிக்க வேண்டியவை

எலக்ட்ரீஷியன், பிட்டர் பிரிவுகள் 2 ஆண்டு. வெல்டர், டீசல் மெக்கானிக் பிரிவுகள் 1 ஆண்டு. பிழைப்புக்கு இவையும் நல்லவையே. ஆனால் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக்கு 1 ஆண்டுப் படிப்பு போதாது. எனவே சேரும்போதே காலத்தைக் கேட்டறிய வேண்டும். தனியார் நிலையமானால் அரசு அங்கீகாரம் உண்டா என்று பார்த்தே பணம் கட்ட வேண்டும்.

பாலிடெக்னிக் முதலாண்டுக் கணிதமும் இயற்பியலும் இவர்கள் படிக்காதவை. பலர் தடுமாறுவது இங்கேதான். சேருமுன் கோடை விடுமுறையில் அப்புத்தகங்களைப் படித்துவிடுவது நல்லது.

விவசாயப் படிப்பு

தமிழ்நாட்டில் மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவு 1978-ல் தொடங்கியது. அதில் வேளாண்மை படித்தவர்களும் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். தொழிற்கல்விப் பிரிவினருக்கென இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. எந்தப் பாடங்கள் தேவை என்பதை அந்தந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கைத்தொழிலும் பட்டமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. மோட்டாரைக் கழற்றி மாட்டிப் பழகியவன் பட்டமும் பெற்றால், ஊருக்கும் உதவும், குடும்பத்துக்கும் உதவும். நிலத்தை அடகு வைக்குமுன் இந்த வழியையும் விவசாயிகள் யோசித்துப் பார்ப்பது நல்லது.