புளோரைட்டு என்னும் கனிப்பொருள்

பொன்னையும் வெள்ளியையும் அறியாதார் இலர். தொழில்களுக்கு இன்றியமையாதனவாயினும் பெயரும் அறியப்படாத கனிப்பொருள்களோ பல. அவற்றுள் ஒன்றாகிய புளோரைட்டின் பயனையும், அது கிடைக்கும் இடங்களையும், அதனைப் பெருக்கும் வழிகளையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

கால்சியமும் புளோரினும் கூடிய பொருளே புளோரைட்டு. ஊதா, பச்சை, மஞ்சள் முதலிய நிறங்களிற் பளிங்குபோற் காணப்படுவது. 'ஒழுகுதல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று இதன் பெயர் பிறந்தது. காரணம் யாதெனில், உலோகத்தை உருக்குங்கால் இதனைச் சிறிது இட்டால், இறுகிய கசடு இளகி ஓடும். கந்தகம் முதலிய மாசுகளும் அக்கசடோடு நீங்கும். ஜெர்மானிய அறிஞராகிய அக்ரிக்கோலா 16-ஆம் நூற்றாண்டிலேயே இதனைக் குறித்து எழுதியுள்ளார்.

உருக்காலைக்கு உதவிய இக்கல் பின்னர் இரசாயனத் தொழிலுக்கும் மூலமாயிற்று. நூற்றுக்கு 97 பங்கிற்குக் குறையாத தூய்மையுடைய புளோரைட்டைக் கந்தக அமிலத்தோடு சூடாக்க, ஹைட்ரோபுளோரிக் அமிலம் உண்டாகும். குளிர்ப்பெட்டிக்குரிய வாயு, அலுமினியம் எடுக்க உதவும் உப்பு, யுரேனியத்தைச் செறிவாக்க வேண்டும் வாயு, மின்சார மோட்டார் வண்டிகளின் லித்தியம் மின்கலங்களில் சேரும் உப்பு ஆகிய யாவும் இவ்வமிலத்தின் வழிவந்தனவே.

தேவை மிகுதலும் குறைதலும் ஒரு நாட்டை எவ்வாறு தாக்கும் என்பதற்கு அமெரிக்காவின் இல்லினாய் மாகாணம் தக்க சான்று. அங்கு ரோசிகிளேர் முதலிய ஊர்கள் இக்கல்லாலேயே வாழ்ந்தன. 1965-ஆம் ஆண்டில் இதுவே மாகாணத்தின் கனிப்பொருளெனச் சட்டமும் செய்யப்பட்டது. ஆனால் எஃகு செய்யும் முறைகள் மாறின. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் ஏற்பட்ட மாந்திரியல் உடன்படிக்கையால் குளோரின் கலந்த குளிர்வாயுக்கள் விலக்கப்பட்டன. அயல்நாட்டுக் கல்லும் குறைந்த விலைக்கு வந்திறங்கிற்று. 1995-இல் அம்மாகாணத்தின் இறுதிச் சுரங்கமும் மூடப்பட்டது. அதே கல்லை 2018-இல் அமெரிக்க அரசாங்கம் இன்றியமையாக் கனிப்பொருள்களின் பட்டியலிற் சேர்த்தது! சுரங்கம் மூடப்பட்டால் கல் மண்ணிலேயே இருக்கும். கைதேர்ந்த தொழிலாளரோ சிதறிப்போவர். அவர்தம் திறனை நினைத்தபொழுது மீட்டல் அரிது.

இன்று உலகில் வெட்டியெடுக்கப்படும் புளோரைட்டிற் பாதிக்கு மேற்பட்டது சீனத்தினுடையது. மெக்சிகோ, மங்கோலியா, தென்னாப்பிரிக்கா முதலியனவும் தருகின்றன. நம் நாட்டில் குஜராத்திலுள்ள அம்பாதுங்கரில் இக்கல் உண்டு. ஆயினும் அது பிற கற்களோடு மிகக் கலந்திருத்தலின், நுண்ணிதாக அரைத்து, நீரில் நுரையெழுப்பி மிதக்கச் செய்து பிரித்தல் வேண்டும். நம் தேவையிற் பெரும்பகுதியை இறக்குமதியே நிறைவுசெய்கின்றது.

வளர்ச்சிக்கு வழி புதுச் சுரங்கம் ஒன்றே அன்று. உரத்தொழிலுக்குரிய பாஸ்பேட்டுக் கல்லிலும் புளோரின் உண்டு. உரஞ்செய்யுங்கால் வெளிப்படும் அதனை அமிலமாகப் பிடித்து, அலுமினியத் தொழிலுக்கு வேண்டும் உப்பாக்குகின்றனர். கழிவென நீக்கப்பட்டது இவ்வாறு பொருளாகின்றது.

நிலத்துட் செல்வத்தை வைத்தவர் இறைவன். நாம் அதற்கு உக்கிராணக்காரரேயன்றி உடையவர் அல்லேம். மலிவாய்க் கிடைக்குங்கால் கைவிட்டு, அரிதானபொழுது தேடியலைதல் நல்ல உக்கிராணத்துவம் ஆகாது. உள்ளதைச் சிதறாது எடுத்தலும், கழிவினின்று மீட்டலும், தொழிலறிவு அழியாது காத்தலுமே அறிவுடையார் செயலாம்.