ஓடினால் தலை வலிப்பதேன்?

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் மைதானங்கள் களைகட்டிவிடுகின்றன. அங்கு ஓடிக் களைத்து வீடு திரும்பும் பிள்ளைகளிற் சிலர் வாசற்படியில் அமர்ந்து, இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பதை நாம் பல இல்லங்களிற் காணலாம். வெயில் பட்டிருக்கும் என்பார் வாப்பா. கண்ணூறாக இருக்கும் என்பார் மூத்தம்மா. உம்மாவோ ஒன்றும் சொல்லாமல் சித்தாலேபவை எடுத்து நெற்றியிலே தேய்த்துவிடுவார். இம்மூவருள் வாப்பாவின் கூற்றிலே பாதி உண்மை உண்டு. மறுபாதியை விளங்கிக்கொள்வது பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒருங்கே பயன்தருவதாகும்.

தேகப்பயிற்சியினால் வரும் தலைவலி நம் காலத்திற் புதிதாகத் தோன்றிய பிணியன்று. ஓட்டத்தாலும் வேட்டையாலும் தலைவலி காண்போரைப் பற்றிப் பண்டைக் கிரேக்க வைத்தியரான ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே குறிப்பு உண்டு. 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாயோ வைத்திய நிலையத்தைச் சேர்ந்த ரூக் என்னும் வைத்தியர், இத்தலைவலியுடைய 103 பேரை மூன்று வருடங்களுக்கு மேலாகக் கவனித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களுள் 10 பேருக்குத் தலையினுள்ளே வேறு நோய் மறைந்திருந்தது தெரியவந்தது. ஏனையோரிற் பெரும்பாலோருக்குக் காலப்போக்கில் வலி குறைந்தது, அல்லது முற்றாக நீங்கிவிட்டது. ஸ்கேன் இயந்திரம் வருவதற்கு முந்திய ஆராய்ச்சியெனினும் அது தரும் பாடம் இன்றும் பழுதுபடவில்லை. இத்தலைவலி பெரும்பாலும் தீங்கற்றது. ஆயினும் எப்போதும் தீங்கற்றது என்று எண்ணி வாளாவிருத்தல் தகாது.

தீங்கற்ற வகையின் இயல்பு இது: கடுமையாக ஓடும்போதோ, பாரம் தூக்கும்போதோ, அதற்குச் சற்றுப் பின்னரோ வலி தொடங்கும். நாடித் துடிப்போடு சேர்ந்து தலை விண்விண்ணென்று தெறிக்கும். பெரும்பாலும் இருபுறமும் வலிக்கும். சில நிமிடங்களில் அடங்கினாலும் அடங்கும். நீடித்தாலும் 48 மணித்தியாலத்தைத் தாண்டாது. வெப்பமான நாட்களிலும் உயர்ந்த மலைப்பிரதேசங்களிலும் இது அதிகமாகத் தோன்றுகிறது. நமது கரையோரத்தில் மலை இல்லை, வெப்பத்திற்கோ குறைவில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நடுப்பகல் மணலிற் கால் வைத்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வலி எவ்வாறு பிறக்கிறது? மூளைக்கு வலியுணர்வு கிடையாது. அதனை மூடியுள்ள சவ்வுகளும் இரத்தக் குழாய்களுமே நோவை உணர்கின்றன. கடும் முயற்சியின்போது இக்குழாய்கள் விரிவடைவதே காரணமென வைத்திய அறிஞர் பலர் கருதுகின்றனர். மூச்சை அடக்கிக்கொண்டு உந்தும்போது நெஞ்சினுள்ளே அழுத்தம் மிகுந்து, தலையிலிருந்து இறங்க வேண்டிய இரத்தம் தடைப்படுகிறது. பாரந்தூக்கும் இளைஞரின் முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைப்பதும் இதனாலேயே. மைதானத்தில் மட்டுமன்று, கடற்கரையிலே கரைவலை இழுப்போரிடத்தும், சம்மாந்துறைப் பக்கத்தில் நெல்மூட்டை ஏற்றுவோரிடத்தும் இதே நிலை உண்டாகலாம். உழைப்பும் ஒருவகைத் தேகப்பயிற்சிதானே! மூட்டையைத் தூக்கும் கணத்தில் மூச்சை வெளியே விடுமாறு அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்கலாம். இதற்குப் பணச் செலவு ஏதுமில்லை.

இதற்குப் புறம்பாக வேறு சில தலைவலிகளும் தேகப்பயிற்சியோடு ஒட்டி வருவன. வியர்வையாற் சரீரத்தின் நீர் குறைவதாலும், காலை ஆகாரம் இல்லாமல் ஓடுவதாலும் வலி வரும். நீந்துவோர் அணியும் கண்ணாடி இறுக்கமாயிருந்தாலும், கிரிக்கெட் தலைக்கவசம் நெற்றியை அழுத்தினாலும் வலி வரும். பட்டியைத் தளர்த்தியவுடன் இது பறந்துவிடும்; இதற்கு வில்லை விழுங்குவது வீண்.

மிகுந்த கவனத்திற்குரியது வெப்பத்தால் வரும் தலைவலியே. அக்கரைப்பற்றுக்குத் தெற்கே, இதே கரையோரத்தில் உள்ள திருக்கோவிலில், 2024 மார்ச் மாதம் பாடசாலை மரதன் ஓட்டத்திற் பங்குபற்றிய 16 வயது மாணவர் ஒருவர் சுகவீனமுற்று உயிரிழந்தார். அம்மரணத்தின் காரணத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது நமது நோக்கமன்று. கடும் வெப்பம் நிலவிய அவ்வருட முற்பகுதியில், மாணவரை வெயிலில் ஈடுபடுத்துவது குறித்துக் கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தல்களும் வழங்கியிருந்தது. அத்துயரச் செய்தியைப் படித்த பெற்றோர் தம் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும்: ஓடும்போது தலை வலித்தால் நின்றுவிடு, நின்றதைப் பற்றி எவரும் உன்னைப் பழிக்கமாட்டார்.

ஏனெனில் உடல் அளவுமீறி வெப்பமடையும்போது முதலில் தோன்றும் அறிகுறிகளுள் தலைவலியும் ஒன்று. தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியன அதனோடு சேரும். அப்பொழுதே நிழலில் இருத்தி, மேலாடையைத் தளர்த்தி, நீர் பருகக் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவர். அதனைப் பொருட்படுத்தாது ஓடினால் உடல் வெப்பம் 40 பாகை செல்சியஸைக் கடந்து, பேச்சுத் தடுமாறி, அறிவு மயங்கக்கூடும். அந்நிலையில் வாயில் நீர் ஊற்றலாகாது. உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறியபடியே உதவிக்கு அழைக்க வேண்டும். ஆனால் நமது பிள்ளைகளோ, இல்லத்திற்குப் புள்ளி போய்விடும், நண்பர் நகைப்பர் என்று அஞ்சி வாய் திறப்பதில்லை. பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் போட்டி தொடங்கு முன்னரே இதனை எல்லோர் முன்னிலையிலும் எடுத்துரைத்தால் அவ்வச்சம் நீங்கும்.

தடுக்கும் வழிகளில் முதன்மையானது ஆயத்தப் பயிற்சி. வந்தவுடன் சப்பாத்தை மாட்டிக்கொண்டு முழு வேகத்தில் ஓடுவோருக்கே வலி அதிகம். பத்துப் பதினைந்து நிமிடம் நடந்து, மெல்ல ஓடி, கைகால்களை அசைத்து, வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் இரத்தக் குழாய்கள் பழகிக்கொள்ளும். பல மாதம் சும்மா இருந்துவிட்டு, போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையிற் பயிற்சியைத் தொடங்குவது நமது ஊர்களில் பழகிப்போன குற்றம்! பயிற்சி நேரம் சுபஹுக்குப் பின்னரோ அஸருக்குப் பின்னரோ அமைதல் நன்று. முதல்நாள் இரவில் நல்ல நித்திரையும் வேண்டும்.

நீரை ஓடுவதற்கு முன்னரும் இடையிலும் சிறிது சிறிதாகப் பருக வேண்டும். நெடுநேரம் வியர்த்தவர் உப்பிட்ட மோரோ கஞ்சியோ ஜீவனிக் கரைசலோ அருந்தலாம், இளநீரும் உகந்ததே. வெறும் நீரை மாத்திரம் அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து, அதனாலும் தலைவலி உண்டாகும் என்பது பலர் அறியாத செய்தி.

நோன்பு மாதத்தைப் பற்றித் தனியே கூற வேண்டும். நாள்தோறும் நாலைந்து கோப்பைத் தேநீர் அருந்திப் பழகியோருக்கு, அது திடீரென நின்றவுடன் தலை வலிக்கும். அத்துடன் நீர்க்குறைவும் சேர்ந்த நிலையில், அஸருக்குப் பின்னர் கடும் பந்தாட்டம் ஆடுவது உசிதமன்று. நோன்புக்கு ஓரிரு வாரம் முன்னரே தேநீரைக் குறைத்து வருவதும், பகலில் மெல்லிய நடையோடு அமைவதும், கடும் பயிற்சியை நோன்பு திறந்து உணவு செரித்தபின் வைத்துக்கொள்வதும் ஏற்றவை. இரவு முழுவதும் பரவலாக நீர் பருகுவதற்கு, சஹர் வேளையில் ஒரே மூச்சாக அருந்துவது ஈடாகாது.

மருந்துகளைக் குறித்து ஒரு சொல். ஓடுவதற்கு முன் பனடோல் விழுங்கிச் செல்வது சில இளைஞரின் வழக்கம். உடல் தரும் எச்சரிக்கையை வாயடைக்கும் செயல் அது. மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ இவ்வகை வில்லைகளைத் தொடர்ந்து விழுங்கி வந்தால், அவையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். இந்நோவுக்கென இண்டோமெதசின், புரோப்பிரனலோல் ஆகிய மருந்துகளை வைத்தியர் கொடுப்பதுண்டு. முன்னையது இரைப்பையைப் புண்ணாக்கவல்லது. பின்னையது தொய்வு நோயாளிக்கு ஆகாது. எனவே அயலவரிடம் இரவல் வாங்கும் பண்டங்கள் அல்ல இவை.

முதன்முறையாக இத்தலைவலி கண்ட எவரும் ஒருமுறை வைத்தியரிடம் காட்டிக்கொள்வதே முறை. நாற்பது வயதைக் கடந்தபின் முதன்முதலாக வந்தால் தாமதிக்கவே கூடாது. மாடிப்படி ஏறினால் வலித்து, நின்றால் நீங்கும் தலைவலி முதியோரிடம் அரிதாக இருதய நோயின் குறியாகவும் இருப்பதுண்டு. இடி விழுந்தாற்போல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும் வலி, கழுத்து விறைத்தல், விடாத வாந்தி, பார்வை இரண்டாகத் தெரிதல், கைகால் சோர்தல், மயக்கம், பந்து பட்டபின் தோன்றும் வலி ஆகியவற்றுள் ஒன்று காணினும் மூளையில் இரத்தக் கசிவு இருக்கலாமெனக் கருதி விரைந்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். அவ்விலக்கத்தை மைதானத்துச் சுவரிலே பெரிதாக எழுதி வைக்கலாம்.