மலையேறும் சக்கரங்கள் – 9
கணக்கில் வராத கைகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறது லெட்வில் என்ற பழைய சுரங்க ஊர். 1980-களின் தொடக்கத்தில் பக்கத்திலிருந்த கிளைமாக்ஸ் சுரங்கம் முடங்கியதும் ஊரே வேலையிழந்து நின்றது. வெளியூர்க்காரர்களை எப்படியாவது வரவழைக்க, கென் குளூபர் என்ற சுரங்கத் தொழிலாளி 1983-ல் நூறு மைல் ஓட்டப் பந்தயம் ஒன்றைத் தொடங்கிவைத்தார். 1994-ல் மவுன்டன் பைக் பந்தயமும் சேர்ந்துகொண்டது. 12 மணி நேரத்துக்குள் முடித்தால் பெல்ட்டில் மாட்ட ஒரு பக்கிள். 9 மணி நேரத்துக்குள் முடித்தால் அதைவிடப் பெரிய பக்கிள். பெரும்பாலானவர்களுக்குப் பரிசு அவ்வளவுதான். அதற்கு அடிபிடி!

இடம் கிடைத்ததும் பலரும் முதலில் தேடுவது ஆன்லைன் பயிற்சித் திட்டத்தைத்தான். சரக்குக்குப் பஞ்சமில்லை. பயிற்சியாளர் ஜோ ஃப்ரீல் தன் மகன் டிர்க் ஃப்ரீலோடு சேர்ந்து 1999-ல் தொடங்கிய டிரெய்னிங்பீக்ஸில் பயிற்சியாளர்கள் தங்கள் அட்டவணைகளை விற்கிறார்கள். டிரெய்னர்ரோடு ஆப்பில் பந்தயத் தேதியைக் கொடுத்தால் அதுவே நாள்வாரியாகத் திட்டம் போட்டுத் தந்துவிடும். ஜேம்ஸ் வில்சன் போன்றவர்கள் மவுன்டன் பைக் ஓட்டுபவர்களுக்கென்றே எடைப் பயிற்சித் திட்டங்களை விற்கிறார்கள்.

இத்தனை இருந்தும் பெரும்பாலான திட்டங்கள் ஒரே அச்சில் வார்த்தவை. அந்த அச்சின் பெயர் வாட். 1986-ல் ஜெர்மனியில் ஊலி ஷோபரர் எஸ்.ஆர்.எம். பவர் மீட்டரை உருவாக்கினார். பெடலில் கால் செலுத்தும் ஆற்றலை ஓட்டத்தின்போதே எண்ணாகப் பார்க்க அது வழி செய்தது. பிறகு உடலியல் ஆய்வாளர் ஆண்ட்ரூ கோகன் அந்த எண்களுக்கு இலக்கணம் எழுதினார். சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட் அளவுக்கு எஃப்.டி.பி. என்று பெயர். அந்த அளவில் ஒரு மணி நேரம் ஓட்டினால் பயிற்சிச் சுமை 100. இந்தக் கணக்கைத்தான் ஆப்கள் ஏதோ ஒரு வடிவில் இன்றும் போடுகின்றன. தார்ச்சாலையில் ஓட்டுபவருக்கு இது அருமையான கணக்கு.

மலைப் பாதையில் ஓட்டியவரின் பதிவைத் திறந்தால் கணக்கு இடிக்கும். ஏற்றத்தில் உயர்ந்து நின்ற வாட் கோடு, இறக்கம் தொடங்கியதும் பூஜ்யத்தில் விழுகிறது. இதயத் துடிப்புக் கோடு மட்டும் அதோடு விழுவதில்லை. கொஞ்சம் தணிந்து, பிடிவாதமாக மேலேயே நிற்கிறது. ஏனென்றால் அந்த நேரத்தில் ஓட்டுபவர் சீட்டில் இல்லை. பெடல்கள் இரண்டும் கிடைமட்டமாக, முழங்கால் மடங்கி, இடுப்பு பின்னுக்குப் போய், ஆள்காட்டி விரல்கள் பிரேக் லீவரில் இருக்கின்றன. ஒவ்வொரு கல்லும் வேரும் முன்சக்கரத்தில் தரும் அடி முன்கை வழியே தோளுக்கு ஏறுகிறது. பிடியைத் தளர்த்த முடியாது. முன்கைத் தசை இறுகிக்கொண்டே போய், கடைசியில் பிரேக்கை இழுக்கவே விரல் மறுக்கும். ஓட்டுபவர்கள் இதை ‘ஆர்ம் பம்ப்’ என்பார்கள். பவர் மீட்டருக்கு இது எதுவும் தெரியாது. அதன் கணக்கில் அந்த இறக்கம் கிட்டத்தட்ட ஓய்வு!

இத்தாலிய ஆய்வாளர் ஃபிராங்கோ இம்பெல்லிசேரியின் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வில், கிராஸ்-கன்ட்ரி பந்தயங்களில் வீரர்களின் சராசரி இதயத் துடிப்பு, அவர்களது உச்சத் துடிப்பில் சுமார் 90 சதவீதமாக இருந்தது. இறக்கங்களையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி. இறக்கத்தில் உடல் ஓய்வெடுத்திருந்தால் இப்படி ஓர் எண் வந்திருக்குமா?

ஆகவே ஒரு திட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, எதை அது கணக்கில் எடுக்கவில்லை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விட்டுப்போனது நமக்குத் தேவையா என்பது போகிற பாதையைப் பொறுத்தது. லெட்வில் பாதையில் பெரும்பகுதி அகலமான மண் சாலை. அங்கே சோதனை நுரையீரலுக்கும் காலுக்கும்தான். பாதையின் உச்சி 3,700 மீட்டருக்கும் மேலே. வாட் கணக்கில் ஓடும் திட்டம் அங்கே நன்றாகவே எடுபடும். கடல் மட்டத்தில் எடுத்த எஃப்.டி.பி.யை அந்த உயரத்தில் நம்பக் கூடாது, அவ்வளவுதான். எண்டியூரோ பந்தயம் நேர் எதிர். ஏற்றங்களைக் குறித்த நேரத்துக்குள் கடந்தால் போதும். முடிவைத் தீர்மானிப்பது, கடிகாரம் ஓடும் இறக்கங்கள். அதற்குப் பெயர் கொடுத்துவிட்டு வாட் திட்டத்தை வாங்குவது வீண் செலவு.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒலிம்பிக் பாணி கிராஸ்-கன்ட்ரி. அதில் பத்து உலகப் பட்டங்கள் வென்ற சுவிட்சர்லாந்தின் நினோ ஷுர்ட்டர், இளம் வயதிலிருந்தே நிக்கோலஸ் சீகென்தாலர் என்ற ஒரே பயிற்சியாளரிடம் இருந்தவர். எடைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் கலந்த அவர்களது ஜிம் காணொளிகள் பிரபலம். உலகத்தின் முதல் வரிசைக் கால்களுக்குச் சொந்தக்காரரே இடுப்புக்கும் தோளுக்கும் அவ்வளவு நேரம் ஒதுக்கினார். மாதச் சந்தா ஆப்பில் அதே பயிற்சி பெரும்பாலும் ‘விருப்பமிருந்தால் செய்யலாம்’ என்று ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். டெட்லிஃப்ட், கெட்டில்பெல், பிடி வலிமைக்கான பயிற்சிகள் வாரத்தில் இரண்டு நாளாவது அட்டவணைக்குள்ளேயே வருகின்றனவா என்று மாதிரி வாரத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம். மாதிரியே காட்டாதவர்களை நம்பக் காரணமில்லை.

முதல் நாள் சோதனையிலும் ஒரு பொறி உண்டு. ‘ரேம்ப் டெஸ்ட்’டில் நிமிடத்துக்கு நிமிடம் வாட் ஏறும், முடியாமல் நிற்கும்வரை மிதிக்க வேண்டும். கடைசியாகத் தாங்கிய ஒரு நிமிட அளவில் 75 சதவீதத்தை எஃப்.டி.பி. என எடுத்துக்கொள்வது வழக்கம். குறுகிய ஏற்றங்களில் பாய்ந்து பழகிய மவுன்டன் பைக்காரர்களுக்கு அந்தக் கடைசி நிமிடம் கைவந்த கலை. விளைவு, எண் உண்மையைவிட உயர்ந்து நிற்கும். அதை வைத்துப் போட்ட பயிற்சிகள் எல்லாமே கடினமாகி, சில வாரத்தில் ஆள் துவண்டுவிடுவார். அவர் தன்னைத்தான் நொந்துகொள்வார், திட்டத்தை அல்ல. சந்தேகமிருந்தால் 20 நிமிடச் சோதனை செய்து, சராசரி வாட்டில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்ளலாம். அலுப்பானது, ஆனால் இவர்களுக்கு நம்பகமானது.

விலை, வீட்டில் இருக்கும் கருவிகள், ஒரு வாரம் தவறினால் அட்டவணை தானே மாறுமா, கேள்விக்குப் பதில் சொல்வது மனிதரா – இவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். காலக்கணக்கு அதைவிட முக்கியம். அடித்தளத்துக்கு 12 வாரம், வலுவேற்ற 8, பந்தயத்துக்கேற்பக் கூர்தீட்ட இன்னொரு 8 என, முழுத் திட்டம் 28 வாரம் வரை போகும். லெட்வில் பந்தயம் ஆகஸ்டில். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஜனவரி கடைசியிலேயே தொடங்கியாக வேண்டும். ஏப்ரலில் பணம் கட்டுபவர் பந்தயத் தேதியை உள்ளிட்டதும், அந்தத் திட்டம் எந்தக் கட்டத்தைச் சுருக்குகிறது என்று பார்க்கட்டும். அடித்தளத்தை மொத்தமாகத் தூக்கிவிட்டு முதல் வாரமே உச்ச வேகப் பயிற்சி தந்தால், வேறு திட்டம் தேடுவது நல்லது.

(தொடரும்)