ச-வும் க-வும்

பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் ‘நிறுவுக’ என்று முடியும் கணக்கைக் கண்டாலே பலருக்கு வயிற்றைக் கலக்கும். சைன், கொசைன், டேன்ஜென்ட், கோசீக்கன்ட் என்று வரிசைகட்டி நிற்கும் பெயர்களே பாதி பயத்தைத் தந்துவிடுகின்றன. பெயர்களைக் கொஞ்சம் மறைத்து வைப்போம். சைனுக்கு ச, கொசைனுக்கு க. டேன்ஜென்ட் என்பது ச/க. மற்ற மூன்றும் இவற்றின் தலைகீழிகள். ஆறு பேர் இரண்டு பேராகிவிட்டார்கள்.

இந்த இருவரைப் பற்றி வடிவியலிடம் கடன் வாங்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ச² + க² = 1. கர்ணம் 1 ஆக இருந்தால் பிதாகரஸ் தேற்றம் சொல்வது இதைத்தான். (அந்த 1 முன்பு இல்லை. கி.பி. 499ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபட்டரின் நூலில் சைன் என்பது விகிதமல்ல, நீளம். வட்டத்தின் ஆரம் 3438. அந்தக் கணக்கில் வலப்பக்கம் 1,18,19,844 என்று நிற்கும்! 1748இல் வந்த தம் நூலில் ஆரத்தை 1 என்று வைத்துக்கொண்ட ஆய்லர் நம் பிள்ளைகளுக்குச் செய்தது பெரிய உபகாரம்.)

இனி ஒரு கணக்கு. ச⁶ + க⁶ = 1 − 3ச²க² என்று நிறுவ வேண்டும். ஆறாம் படி மிரட்டுகிறதா? ச² என்பதை அ என்றும் க² என்பதை ஆ என்றும் எழுதுங்கள். அ + ஆ = 1. ஒன்பதாம் வகுப்பில் படித்ததுதான்: அ³ + ஆ³ = (அ + ஆ)³ − 3அஆ(அ + ஆ). அ + ஆ வரும் இடத்தில் எல்லாம் 1 போட்டால் முடிந்தது. கோணமும் இல்லை, முக்கோணமும் இல்லை.

பின்னங்களும் அப்படியே. க/(1 − ச) = (1 + ச)/க என்பதில் இடப்பக்கத்தின் மேலும் கீழும் (1 + ச) ஆல் பெருக்கினால் கீழே 1 − ச², அதாவது க². ஒரு க அடிபட்டுப் போகும். பகுதி பூச்சியமாகாத கோணங்களுக்கு மட்டும்தான் இது என்பதை மறக்கக் கூடாது.

சில கோணங்களைப் போட்டுச் சரிபார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ச + க = 1 என்பதைச் சோதியுங்கள். 0 பாகையில் சரி, 90 பாகையிலும் சரி. 45 பாகையிலோ 1.414!

இதைவிட ஆச்சரியமான ஒன்று இருக்கிறது. ஒரே கோணத்தைக் கொண்ட முற்றொருமை எதுவானாலும் அது மெய்யா பொய்யா என்று புத்திசாலித்தனமே இல்லாமல் கண்டுபிடித்துவிடலாம். பகுதிகளை நீக்கி, எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து, ச² தென்படும் இடத்தில் எல்லாம் 1 − க² போடுங்கள். எஞ்சுவது க மட்டும் உள்ள ஒரு கோவை. அதோடு ச ஆல் பெருக்கப்பட்ட இன்னொரு கோவை. இரண்டும் பூச்சியமானால் மெய், இல்லையேல் பொய். காரணம் எளிது: கோணத்தின் குறியை மாற்றினால் ச குறி மாறும், க மாறாது. அதனால் ஒன்று மற்றொன்றை எல்லாக் கோணங்களிலும் ஈடுகட்ட முடியாது. ச + க − 1 என்பதில் எஞ்சுபவை க − 1, 1. இரண்டுமே பூச்சியமல்ல, குட்டு வெளிப்பட்டுவிட்டது.

இது உங்களுக்கு: (1 + ச + க)² = 2(1 + ச)(1 + க). பேனாவை எடுங்கள், இரண்டு வரி போதும்.