ஜாதிக்காய்: மணமும் உண்டு, மயக்கமும் உண்டு



கன்னியாகுமரி, குற்றாலம், பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளிலே ஜாதிக்காய் விளைகிறது. மற்ற ஊர்களிலும் அஞ்சறைப் பெட்டியிலே ஒரு காயாவது கிடக்கும். குருமாவுக்குப் போடுவோம், கைக்குழந்தைக்கு உரைத்தும் கொடுப்போம். "கொடுத்தா நல்லாத் தூங்குது" என்பார்கள். அந்தத் தூக்கம் எங்கிருந்து வருகிறது?

ஜாதிக்காயிலே கொழுப்பெண்ணெய் ஒன்று, ஆவியாகிற வாசனை எண்ணெய் ஒன்று என இரண்டு உண்டு. வாசனை எண்ணெய் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு. அதிலே மிரிஸ்டிசின், எலிமிசின் என்ற பொருள்கள் இருக்கின்றன. மூளையை மயக்குவது முக்கியமாக இவைதான் என்று கருதப்படுகிறது. 1829-ல் புர்கின்யே என்ற செக் விஞ்ஞானி மூன்று காய்களைத் தாமே தின்று பார்த்து, கனவு போன்ற மயக்கத்தை எழுதி வைத்தார்.

குழம்புக்கு ஒரு சிட்டிகை போட்டால் பயமில்லை. ஆனால் 5 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு முழுக்காய் அளவே நஞ்சாகலாம். வாய் வறளும், நெஞ்சு படபடக்கும், குமட்டும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். தின்ற உடனே ஒன்றும் தெரியாது. 3 முதல் 6 மணி நேரம் கழித்துத்தான் பிடிக்கும். "ஒண்ணும் செய்யலையே" என்று விளையாட்டாக மேலும் தின்கிற இளவட்டங்கள் மாட்டிக்கொள்வது இதனாலேதான். ஒரு நாளுக்கு மேலும் விடாது.

எண்ணெய் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பத்தில் ஒரு பங்கு எண்ணெய் என்று வைத்தால், ஒரு தேக்கரண்டியிலே சுமார் 45 கிராம் காயின் வாசனைச் சத்து அடங்கிவிடும்.

தோப்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பூச்சி, காயின் மாவையும் கொழுப்பையும் தின்னும். வாசனை எண்ணெயை அவ்வளவாகத் தொடாது. அதனாலே அரித்த காயை எண்ணெய் வடிப்பவர்கள் வாங்குவார்கள். வெறும் குப்பை என்று களத்திலே பிள்ளைகள் கைக்கெட்டும்படி கொட்டி வைக்காதீர்கள். பூசணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சும் சேரும். அதைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. பறித்த காயை நன்றாகக் காயவைத்துச் சேமியுங்கள்.

தாய்மார்களே, கல்லிலே இழைக்கும்போது எவ்வளவு இறங்கியது என்று அளக்க முடியாது. ஐந்து கிலோப் பிள்ளைக்குக் கொஞ்சமே அதிகம். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். யாராவது அதிகம் தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். மிச்சக் காயையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.